மூன்றரைக் கட்டம்

பெரினாவுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. தையல் வேலை செய்து பிழைப்பவளுக்கு இது பெரிய குறை. வெனிஸுக்குள்ளேயே ஒன்பது வருடத்தில் ஏழு முறை ஜாகை மாற்றினாள். ஒரு வீட்டில் வெளிச்சம் போதாது என்பாள். இன்னொன்றில் கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பாள். அடுத்ததில் கீழ்வீட்டுக் கொல்லன் தட்டுகிற சத்தம் மண்டைக்குள் இறங்குகிறது என்பாள். உண்மைக் காரணம் வேறு. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்து, அங்கிருந்து அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் வாசல் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பாள். தெரிந்தாலும் தாங்காது, தெரியாவிட்டாலும் தாங்காது. மூட்டையைக் கட்டிவிடுவாள்.

அந்த இல்லத்தில் அவளுடைய பெண் இருந்தாள்.

குழந்தை பிறந்தபோது பெரினாவுக்கு இருபது வயது. சான் பர்னபா பக்கம் விதவை லுக்ரேசியா அம்மாள் நடத்திய தையல் கூடத்தில், பன்னிரண்டு பெண்களோடு அப்போது அங்கேயே தங்கி வேலை பார்த்தாள். குழந்தையின் தகப்பன் அலெக்சாந்திரியாவுக்குப் போகிற கப்பலில் துடுப்புப் போடுகிறவன். புனித மார்ட்டின் திருநாளுக்குள் வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டுப் போனான். மார்ட்டின் திருநாள் வந்தது. அடுத்த வருடமும் தவறாமல் வந்தது. அவன்தான் வரவில்லை.

"கைக்குழந்தையும் வெள்ளைத் துணியும் ஒரே அறையில ஆகாதுடி," என்றாள் லுக்ரேசியா அம்மாள், குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது. "நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல. வேலையை விட்டியானா ரெண்டு பேரும் பட்டினி. பிள்ளையை இல்லத்துல விட்டியானா ரெண்டு பேருக்கும் சோறு. நீயே யோசிச்சுப் பாரு."

யோசிக்க என்ன இருக்கிறது? பசிக்கு முன்னால் யோசனை எம்மாத்திரம்?

இல்லத்தில் பிள்ளையை விடுகிறவர்கள், என்றைக்காவது திரும்பி வந்து கேட்கிற எண்ணம் இருந்தால், பிள்ளையோடு ஓர் அடையாளத்தில் பாதியை வைத்துவிட்டுப் போக வேண்டும். வெட்டிய நாணயத்தில் பாதி, கிழித்த விளையாட்டுச் சீட்டில் பாதி, மாதா படத்தில் பாதி. மற்ற பாதி தாயிடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால் பிள்ளை உன்னுடையது. பொருந்தாவிட்டால் நீ யாரோ, அது யாரோ. பெரினாவிடம் தான் தைத்த துணிக்கரை ஒன்று இருந்தது. லினன் துணியில் இழைகளை உருவி எடுத்துவிட்டால், மிச்ச இழைகள் ஜன்னல் கம்பிபோல நிற்கும். அந்தக் கம்பிகளை நூலால் இறுகச் சுற்றி, நடுவே காஜா தையலில் நட்சத்திரம் பின்னுவார்கள். அப்படி ஏழு கட்டம் வரிசையாகத் தைத்திருந்தாள். நாலாவது கட்டத்துக்கு நடுவே, கம்பிகளோடு சேர்த்து, கத்தரியைக் கோணல்மாணலாக ஓட்டி வெட்டினாள். மூன்றரைக் கட்டம் குழந்தையின் துணிச்சுற்றுக்குள் போயிற்று. மூன்றரைக் கட்டம் அவள் இடுப்புப் பைக்குள் போயிற்று.

அவள் மீன்காரியாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அரைச் சீட்டை உப்பு ஜாடிக்குள் போட்டு மூடிவிட்டு, வேளை வந்ததும் எடுத்துக்கொண்டு போயிருப்பாள். பெரினா தையல்காரி ஆயிற்றே. வெட்டிய விளிம்பை வெட்டியபடி விட்டுவைக்க எந்தத் தையல்காரிக்கு மனசு வரும்? பூசை நடுவே கை பைக்குள் போகும். தோணியில் கால்வாயைக் கடக்கும்போது போகும். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே போகும். விரல் அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே இருக்கும். தடவத் தடவ இழை பிரிந்தது. ஒரு வருடத்தில் அரைக் கட்டம் கலைந்து, நூல் நூலாகத் தொங்கியது. துணி போனால் பெண்ணும் போனாள் அல்லவா?

கூடத்தில் பக்கத்து முக்காலியில் உட்காருகிறவள் மெனெகா. பெரிய வீடுகளின் கைத்துண்டுகளுக்கு ஓரத்து இழைகளை முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டுவது அவள் வேலை. வாய் கொஞ்சம் நீளம்.

"என்னடி எந்நேரமும் பைக்குள்ள நோண்டிக்கிட்டே இருக்கே? உள்ள எலி வளர்க்கறியா?"

பெரினா எடுத்துக் காட்டினாள். மெனெகாவின் கிண்டல் அதோடு நின்றது. அவளும் ஒன்றை இல்லத்தில் விட்டவள்தான். அது மூன்றாம் மாதமே போய்விட்டது.

"அழாதே. ஒவ்வொரு இழை முனையிலயும் புது நூலை வச்சு முடிச்சுப் போடு. இறுக்கிப் போட்டா அதுக்குமேல பிரியாது. துண்டுக்கு நாங்க கட்டறதில்லையா, அதே முடிச்சுதான்."

மொத்தம் பதினோரு இழை முனைகள். பதினொன்றிலும் புது நூல் சேர்த்து முடிச்சுப் போட்டாள். இரண்டு முனை ரொம்பவும் பிய்ந்து பஞ்சாகியிருந்தது. அவற்றைக் கொஞ்சம் நறுக்கிவிட்டுப் போட்டாள். பிரிவது நின்றது. ஆனால் இப்போது பதினோரு புது நூல் அந்தரத்தில் தொங்கியது. அதையும் அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. துண்டை ஒரு பழைய தோல்காகிதத்தின் மேல் வைத்துக் கட்டி, தொங்குகிற நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, கம்பிபோலச் சுற்றி, காஜா போட்டு நட்சத்திரத்தின் மறுபாதியைத் தைத்து முடித்தாள். அடியில் துணியே இல்லை. அரைக் கட்டம் முழுக் கட்டம் ஆகிவிட்டது.

சரி, அதோடாவது விட்டாளா? புதுக் கட்டத்தின் ஓரம் மொட்டையாகத் தெரிந்தது. அடுத்த கட்டம் தொடங்கினாள். அதற்கு அடுத்தது. இல்லத்துப் பெண்கள் பழுப்பு உடையில் வரிசையாகத் தேர் பார்க்கப் போகிற நாட்களில், பெரினா பாலத்து மேட்டில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடுவாள். ஒன்றும் புலப்படாமல் வீட்டுக்கு வந்து, வெறி பிடித்தவள்போல நாலு விரற்கடை தைப்பாள். ஒன்பது வருடத்தில் அவள் கையில் மறுபடியும் ஏழு கட்டம் இருந்தது. மூன்று சொச்சம் துணியில், மிச்சமெல்லாம் ஒன்றுமில்லாததில்.

லுக்ரேசியா அம்மாள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"துணி எங்கடி?"

"துணி இல்லம்மா."

"துணி இல்லாம எதுமேல தைச்சே?"

"ஒண்ணுமேலயும் இல்லம்மா."

"ஒண்ணுமேலயும் இல்லாம நிக்குதா?" அம்மாள் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சனியனே, இத்தனை வருஷமா இதை மடியில வச்சுக்கிட்டு எனக்குத் தலையணை உறையா தைச்சுக் கொடுத்தே? கொடு, மாதிரிக்கு வச்சுக்கறேன்."

"சொல்லித் தர்றேன் அம்மா. துண்டைக் கொடுக்க மாட்டேன்."

அடுத்த திருவிழாவுக்குள் லுக்ரேசியா அம்மாளின் கூடத்திலிருந்து துணியில்லாத தையல் கழுத்துப்பட்டிகளாகப் பெரிய வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. காற்றிலே தைத்தது என்று சொல்லிக்கொண்டார்கள். யார் முதலில் தைத்தார்கள் என்று ஊரில் கேட்டால் தெருவுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், சண்டைக்கும் வருவார்கள். பெரினா அந்தச் சண்டையில் கலந்துகொண்டதில்லை. ஜன்னலோரத்து நல்ல முக்காலி அவளுக்குக் கிடைத்தது. அதிலும் அவள் உட்கார்ந்த பாடில்லை.

அந்த வருடம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பாஸ்தியான் கப்பல் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் புகாமல் கீல் என்கிற தாரை அடைக்கிறவன். மனைவியை இழந்தவன், அதிகம் பேசாதவன். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெரினா விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அவன் கைக் கீலைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"பொண்ணு என்ன சாப்பிடும்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"சரி. வந்ததும் கேட்டுக்கலாம்."

புருஷனும் கூரையும் பங்குச் சாமியாரின் கடிதமும் இருந்தால்தான் இல்லத்தில் பிள்ளையைக் கேட்க முடியும். இப்போது மூன்றும் இருந்தன. ஆனால் நாள் இல்லை. பத்து வயதாகும் பெண்களை விண்ணேற்றத் திருநாள் முடிந்ததும் அக்கரை ஊர்களுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிய பிறகு எந்த ஊர், எந்த வீடு என்று இல்லத்தார் யாரிடமும் மூச்சு விட மாட்டார்கள். பெரினாவின் பெண்ணுக்கு அந்த மாதம் பத்து முடிகிறது. திருநாளுக்கு இன்னும் ஆறு நாள். சாமியார் கடிதத்தைக் கொடுத்த மறுநாள் காலையிலேயே, பாஸ்தியான் வேலைக்குக் கிளம்பும் முன், அவள் கிளம்பிவிட்டாள்.

இல்லத்து முன்கூடத்தில் அவளுக்கு முன்னால் சியோஜா ஊர் மீன்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார முடியாத மத்தி நாற்றம். அவள் மடியிலிருந்து அரைச் சீட்டை எடுத்து மேசையில் எறிந்தாள். எழுத்தர் வெத்தோர் பெட்டியிலிருந்து மற்ற பாதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கிழிசலும் கிழிசலும் சேர்ந்து வாள்வீரன் படம் முழுசாயிற்று.

"வாள் ராணிச் சீட்டு இருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னிக்கு என் கையில இதுதான் இருந்துச்சு," என்றாள் மீன்காரி. நாலு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

அப்போதுதான் பெரினா தன் பையிலிருந்ததை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது வருடமாகக் கையிலேயே இருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். நாலு பக்கமும் அழகாக முடித்த, ஏழு கட்டமுள்ள, குறையே இல்லாத துண்டு. வெட்டு எங்கே? எந்த வெட்டைக் காட்டிப் பெண்ணைக் கேட்பது? அட பாவி, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று தைத்தே தொலைத்துவிட்டாள்.

"பெரினா, கீலடிக்கும் பாஸ்தியான் மனைவி," என்று வெத்தோர் கூப்பிட்டார். ஏட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் குத்தியிருந்த துணியை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சளேறிய மூன்றரைக் கட்டம். கோணல்மாணலான வெட்டில் இழைகள் நெட்டையும் குட்டையுமாக நீட்டிக்கொண்டிருந்தன. பெரினா தன்னுடையதைப் பக்கத்தில் வைத்தாள்.

எழுத்தர் அதைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார். "மூன்றரைக் கட்டம்னு எழுதியிருக்கு. இது ஏழு."

"மிச்சத்தை நான் சேர்த்தேங்க."

"எதுக்குச் சேர்த்தீங்க?"

"பிரிஞ்சு போச்சுங்க. அதான்..."

"அடையாளத்தைத் தையல் போட்டு வளர்க்கச் சொல்லி யார் சொன்னது?"

மேசைக்கு அந்தப் பக்கம் இல்லத்தின் தலைவி ஒர்சொலா அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது, தடித்த உடம்பு, எதற்கும் அசையாத முகம். அவள் துண்டை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இந்த மாதிரி வேலையை நான் பார்த்ததில்ல," என்றாள். "ஆனா இது பொருந்தல. போன வருஷம் ஒருத்தி இதே மாதிரி பொருந்தாத ஒரு துணியோட வந்து அழுதா. நம்பிக் கொடுத்தோம். அந்தப் பொண்ணு இப்ப எந்த மாதிரி வீட்டுல இருக்கான்னு எனக்குத் தெரியும். அதனால நான் முகத்தைப் பார்க்கறதில்லம்மா, வெட்டைத்தான் பார்ப்பேன்."

"பிறந்த தேதி சொல்றேன். சுத்தியிருந்த துணி என்ன நிறம்னு சொல்றேன்."

"அதெல்லாம் யாரு வேணும்னாலும் விசாரிச்சு வச்சுக்கலாம். வேணும்னா ஒண்ணு பண்ணு. இந்தத் துண்டை எங்ககிட்ட விட்டுட்டுப் போ. ஜெபக்கூடத்துல மாதா பாதத்துல போடறேன். உனக்காக ஜெபம் பண்ணச் சொல்றேன்."

பெரினாவுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு ஜெபம் வேணாம்மா. ஒரு கத்தரி கொடுங்க," என்றாள்.

கொடுப்பதா வேண்டாமா என்று எழுத்தர் தலைவியைப் பார்த்தார். தலைவி தன் இடுப்பில் தொங்கிய கத்தரியையே அவிழ்த்துக் கொடுத்தாள்.

பெரினா ஏழாவது கட்டத்தின் ஓரத்தில் கத்தரியை வைத்து நறுக்கினாள். இத்தனை வருடம் ஒன்றுமில்லாததில் நின்ற தையல் மேசையில் சரிந்தது. கடைசி மூன்று கட்டங்கள் போவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம்தான். நாலாவது கட்டத்தில் கத்தரி வைக்க முடியாது. பழைய இழையும் புது நூலும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. ஊசிமுனையால் காஜாவை ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தாள். சுற்றை அவிழ்த்தாள். சுற்றுக்கு உள்ளே மெனெகா சொல்லிக் கொடுத்த முடிச்சுகள், வியர்வையும் அழுக்கும் ஏறிக் கல்லாகியிருந்தன. அவள் போட்ட இறுக்கம் அவளுக்கே எமனாயிற்று. பல்லால் கடித்து இளக்கினாள். நடுவே எழுந்து கதவு வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இரண்டு பேர் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எழுத்தர் இருமினார். தலைவி மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை.

முதல் முடிச்சு அவிழ்ந்தது. புது நூல் கழன்று விழ, உள்ளிருந்து ஒரு பழைய இழை தலைநீட்டியது. புது நூல் வெள்ளை, இது மஞ்சள். அவிழ்ந்த இடத்தில் கத்தரி வெட்டிய முனை அப்படியே இருந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. உச்சிப்பொழுது மணி அடித்தபோது பதினோரு முடிச்சும் அவிழ்ந்திருந்தன. மேசைமேல் நூல் குவியல் ஒன்று, மூன்றரைக் கட்டம் ஒன்று.

ஒர்சொலா அம்மாள் இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்து, ஒவ்வொரு இழையாகத் தன் விரலால் தொட்டு எண்ணினாள். நெட்டைக்கு எதிரே குட்டை, குட்டைக்கு எதிரே நெட்டை.

"ஒம்பது பொருந்துது," என்றாள். "ரெண்டு எட்டல."

"அந்த ரெண்டும் பிஞ்சு போயிருந்துச்சும்மா. நான்தான் நறுக்கினேன்."

"சட்டப்படி பதினொண்ணும் பொருந்தணும்," என்றார் வெத்தோர்.

பெரினாவின் இரண்டு கையும் மேசைமேல் கிடந்தன. விரல்கள் ஓயாமல் மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தன. தலைவி அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்ப்பதில்லை என்று சொன்னவள்தான்.

"பொய் சொல்றவ பதினொண்ணையும் பொருத்திக் கொண்டுவந்திருப்பா," என்றாள். "எழுதுங்க வெத்தோர்."

வழக்கப்படி இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து ஏட்டில் குத்திவிட்டார்கள். பிறகு பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார்கள். இல்லத்தில் அவளுக்கு சுஸ்தினா என்று பெயர் வைத்திருந்தார்கள். மெலிந்த, உயரமான பெண். தகப்பனின் அகன்ற தோள். கையில் துணிமூட்டை தயாராக இருந்தது. மேசையைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், சிதறிக் கிடந்த நூல்களைப் பொறுக்கி உருட்டி வைத்தது.

"யாரு இதைப் பிரிச்சது? நல்ல வேலையா இருந்திருக்குமே," என்றாள்.

"நான்தான்," என்றாள் பெரினா.

வெளியே வந்தார்கள். பெரினா வேகமாக நடந்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். ஒன்பது வருடமாக மனதுக்குள் சேர்த்து வைத்த பேச்சில் ஒரு சொல்லும் கைகொடுக்கவில்லை. பாஸ்தியான் உனக்குக் கட்டில் செய்திருக்கிறான் என்றாள். மத்தி பிடிக்குமா என்று கேட்டாள். பெண் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டே வந்தாள். முதல் பாலத்தின் உச்சியில் அவள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தனை மாசத்துக்குங்க?"

"என்ன எத்தனை மாசம்?"

"வேலைக்குத்தான். போன தடவை இந்த ஊர்லயே கையுறைக் கடைக்காரங்க வீட்டுல அஞ்சு மாசம் இருந்தேன். அப்புறம் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. எத்தனை மாசம்னு தெரிஞ்சா குளிர்காலத்துத் துணியையும் கேட்டு வாங்கியிருப்பேன்."

"வேலைக்கு இல்லம்மா. திருப்பி விட மாட்டேன். நான் உன்னைப் பெத்த அம்மா."

சுஸ்தினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"அவங்களும் அம்மான்னுதாங்க கூப்பிடச் சொன்னாங்க," என்றாள்.

பெரினாவின் கை தானாக இடுப்புப் பைக்குள் போனது. எழுத்தரிடம் காட்டுவதற்கு அவளிடம் அரைத்துண்டு இருந்தது. இந்தப் பெண்ணிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. சுஸ்தினா மூட்டையை எடுத்துத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டாள்.